மூன்றாம் பக்கத்து முகம்

என் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. அழகான பெண் என்றால் ஒரே முகம்தான். கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, வாய்க்கு எள்ளளவு சிவப்பு. என் குருநாதர் விட்டுப்போன மாதிரிப் புத்தகத்தில் அது மூன்றாம் பக்கம். முப்பது வருஷமாக அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் நானும் என் மனைவி ஒமாகியும் சாப்பிடுகிறோம். செர்ரிப் பூ பார்க்கப் போகிறவள், மழையில் குடை பிடிக்கிறவள், கடிதம் படித்துக் கலங்குகிறவள் எல்லோருமே மூன்றாம் பக்கம்தான். உடை மாறும், கொண்டை மாறும், முகம் மாறாது. இதுவரை யாரும் வந்து புகார் சொன்னதில்லை. கியோத்தோவில் எந்தப் புருஷனும் தன் மனைவி இப்படி இல்லையே என்று வாயைத் திறந்து கேட்கமாட்டான்.

அப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஹிஷியா பட்டுக்கடை ஒதாகி அம்மாள் மண்ணைப் போட்டாள். நான்காம் மாதம் ஒருநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டாள். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. கடை மகன் கையில், பெட்டகச் சாவி மட்டும் அம்மாள் இடுப்பில்.

தனக்கு ஆறு பலகை மடிப்புத் திரை ஒன்று வேண்டும், அதில் தான் இருக்க வேண்டும், கியோன் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் அது வாசலில் நிற்க வேண்டும் என்றாள். அந்தச் சாயங்காலம் எங்கள் தெருக்களில் வீட்டு முன்பக்கத்து மரக்கிராதிகளைக் கழற்றிவிட்டு அவரவர் திரைகளை விரித்து வைப்பது வழக்கம். ஊரே பார்த்துக்கொண்டு நடக்கும். எனக்கும் அந்த மாதம்தான் வேலை குவியும். நான் மனதுக்குள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, எந்த வயசில் வரையட்டும் என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? எனக்கு இப்ப என்ன வயசோ அந்த வயசுல. அறுபது."

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். முகத்தில் அதற்கான அடையாளம் இல்லை.

"எதிர் வீட்டைப் பாத்தியா ரிஹே? பொம்மை வாசல்ல உக்காந்திருக்கு, பொம்பள மாடியில ஒளிஞ்சிருக்கா. எனக்கு அந்தக் கதி வேணாம். நான் என் படத்துக்குப் பக்கத்துல உக்காரணும். வர்றவன் அதையும் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும். ஒருத்தனும் உச்சுக் கொட்டக் கூடாது. ஆனா படம் அழகா இருக்கணும். பாவமா இல்ல. அழகா."

எதிர் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரியும். அது மாசுயா, இடுப்புக் கச்சை நெய்து விற்கிறவர்கள். அந்த வீட்டுப் பெண் ஒகினு, ஒரே மகள் என்பதால் மாப்பிள்ளையை வீட்டோடு எடுத்தார்கள். அவள் பதினெட்டு வயசில் என் குருநாதர் ஒரு திரை வரைந்தார். நடுவில் குடையோடு நிற்பவள் ஒகினுதான் என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொன்னார். வருஷா வருஷம் கூட்டம் நின்று பார்த்தது. குடைக்காரியைப் பார்க்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒகினுவைப் பார்க்கும். முதல் குழந்தை பிறந்த வருஷம் யாரோ, "படம் பிரமாதம், ஆள் பரவாயில்ல" என்றானாம். பிறகு வருஷத்துக்கு வருஷம் அந்த உச்சுக் கொட்டல் நீண்டுகொண்டே போனது. முப்பது வயசில் அவள் மாடி ஏறினாள். அதிலிருந்து இன்றுவரை திருவிழாவை மாடிக் கிராதியின் சந்து வழியாகத்தான் பார்க்கிறாள்.

சரி அம்மா என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால் மகன் சோஷிச்சி செருப்பு மாட்டும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தான். முப்பத்தெட்டு வயசு, எப்போதும் யாரோ தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு முகம்.

"அம்மா ஏதாவது சொல்வாங்க, நீ காதுல போட்டுக்காத. பதினெட்டு வயசுப் பொண்ணா போட்டுடு. திருவிழா அன்னிக்கு வாசல்ல கிழவி படம் வெச்சா வீட்ல துக்கம்னு நெனச்சுக்குவாங்க."

"சரிங்க முதலாளி" என்றேன். என்ன செய்வது, என் வாயில் வேறு சொல் வராது.

வீட்டுக்கு வந்து ஒமாகியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேர்கிட்டயும் தலையாட்டிட்டு வந்தீங்களா? இருக்கறது ஒரு தலை" என்றாள்.

முதலில் அம்மாளுடைய ஆசையை முயன்று பார்க்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். கிழவிகளுக்குக் குறைவில்லை. பதினோராம் பக்கம் மலைப் பேய்க்கிழவி, பன்னிரண்டு கோயில் வாசல் பிச்சைக்காரி, பதின்மூன்று மொட்டைத் துறவினி. அழகான கிழவி என்று ஒரு பக்கம் இல்லை. குருநாதரின் குருநாதருக்கும் அப்படி ஒருத்தி தேவைப்பட்டதில்லை போலும்.

மூன்றாம் பக்கத்து முகத்தை எடுத்து வெள்ளைத் தலைமயிர் வைத்து ஒரு மாதிரி வரைந்துகொண்டு போனேன். ஒதாகி அம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "பரண்ல போட்டு வெச்சிருந்த பொண்ணு மாதிரி இருக்கு. தூசி தட்டினா பதினெட்டு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்தது பேய்க்கிழவி. கோரைப் பல்லை எடுத்துவிட்டு, நகத்தை வெட்டிவிட்டு, நல்ல பட்டு உடுத்திக் கொண்டுபோனேன். தேநீர் கொண்டுவந்த சமையல்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள். "இருபது வருஷமா என்கிட்ட வேலை பாக்கறா, என்னைப் பாத்து ஒருநாள் கும்பிட்டதில்ல" என்றாள் அம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாப்பிடும்போது புலம்பினேன். கிழவியின் முகத்தில் என்னதான் இருக்கிறது வரைய என்று கேட்டது தப்பாகிவிட்டது. ஒமாகிக்கு ஐம்பது நடக்கிறது.

"கண்ண மூடுங்க" என்றாள். மூடினேன். "முப்பது வருஷமா எதிர்ல உக்காந்து சோறு போடறேன். என் மூக்கு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, சொல்லுங்க?"

கொஞ்சம் யோசித்து, இடது பக்கம் என்றேன்.

"சாயவே இல்ல" என்று சொல்லிவிட்டு என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது தடவை சோறு கிடைக்கவில்லை.

மறுநாள் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு ஹிஷியாவுக்குப் போனேன். அம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்று நாள் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனுஷ முகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான பெண்கள் எல்லோரையும் போல அவளும் புருவத்தை மழித்தவள்தான். ஆனால் மீன்காரன் பொய் சொல்லும்போதெல்லாம் இல்லாத புருவம் மேலே ஏறியது. கண்ணின் மேல்தோல் தொய்ந்து, பார்வையை அரைக் கதவு போல மறைத்தது. அந்த அரைக் கதவுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். சிரித்தால், கல்யாணமானவர்கள் வழக்கப்படி கறுப்பு மை பூசிய பல் வரிசை தெரியும், அதில் ஒன்று இல்லை. எங்கள் தொழிலில் அழகி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தாலும் அங்கியின் கையால் மூட வேண்டும். இவள் மூடவில்லை. மூன்றாம் நாள் எனக்கு வரைய ஆசையாக இருந்தது. ஆசையோடு ஒரு முகத்தை வரைந்து எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், ஞாபகம் இல்லை.

ஆக அம்மாளுக்கு மாதிரிப் படம் வரைந்தாகிவிட்டது. மகனுக்கு என்ன செய்வது? அங்கே குடும்பத் தலைவன் அவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் வேறெந்த வீடும் என்னைக் கூப்பிடாது. இரண்டு நாள் தூக்கமில்லை. வழி எங்கள் வீட்டு அடுப்படியில்தான் கிடைத்தது. பாத்திரக் குவியலை மறைக்க ஒமாகி ஒரு பழைய மடிப்புத் திரையை வைத்திருக்கிறாள். வாசலிலிருந்து பார்த்தால் அதில் கொக்குகள் மட்டும் தெரியும், கொல்லையிலிருந்து பார்த்தால் நாணல் மட்டும். மடிப்புத் திரை வளைந்து வளைந்துதான் நிற்கும், நேராக விரித்தால் விழுந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து நடந்து வருகிறவனுக்கு ஒன்றுவிட்டு ஒரு பலகைதான் கண்ணில் படும்.

எழுந்து அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். ஒற்றைப்படைப் பலகைகள் மூன்றில் பதினெட்டு வயசுப் பெண். இரட்டைப்படையில் அறுபது வயசு அம்மாள். தெற்கேயிருந்து வருகிறவனுக்குப் பெண், வடக்கேயிருந்து வருகிறவனுக்கு அம்மாள். மகனைத் தெற்கு ஓரத்தில் உட்கார வைப்பது, அம்மாளை வடக்கு ஓரத்தில். அவரவர்க்கு அவரவர் படம். ஒமாகி கேட்டுவிட்டு, "நேரா எதிர்ல நின்னு பாத்தா?" என்றாள். திருவிழாக் கூட்டத்தில் எவன் நேராக நிற்கப்போகிறான், தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள் என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே அவ்வளவு மயக்கம்.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் நானே போய்த் திரையை நிறுத்தினேன். வளைவுகளை நன்றாக நெருக்கி வைத்து, யாரும் தொடக் கூடாது, சாயம் இன்னும் ஈரம் என்று பயமுறுத்தினேன். அம்மாளுக்கு வடக்கு ஓரம்தான் காற்று வரும் என்றேன். மகனிடம், தலைவன் உட்காரும் இடம் தெற்கு என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், அவரவர் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் குனிந்தேன்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் கூட்டம் தெற்கேயிருந்து வந்தது. வடக்கு மூலையில் நிற்கும் தேரைப் பார்க்கப் போகிறவர்கள். பெண்ணைப் பார்த்தார்கள், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். சோஷிச்சி முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. போனவர்கள் தேரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் வினை.

திரும்பி வந்தவர்கள் நின்றார்கள். முதலில் ஒரு விசிறிக் கடைக்காரன். அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன்மேல் முட்டினான், அவன்மேல் இன்னொருவன். சுட்ட விலாங்கு மீன் விற்கிறவள் கூடையோடு மாட்டிக்கொண்டாள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஒருத்தனும் உச்சுக் கொட்டவில்லை. "விழுந்த பல்லைக்கூட விடாம போட்டிருக்கான்" என்றான் விசிறிக்காரன். "ஆமா, அது என் பல்லு இருந்த இடம், அத மட்டும் எதுக்கு விடணும்?" என்று அம்மாள் வாயைத் திறந்து காட்டினாள். சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மாள் தலையைச் சாய்த்துப் படத்தில் இருப்பது போலவே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் கியோத்தோவில் அவளைவிட அழகி இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

கூட்டம் ஏன் நிற்கிறது என்று சோஷிச்சி எழுந்தான். நான் ஓடிப்போய், தலைவன் இடத்தைவிட்டு எழுந்தால் நல்லதில்லை என்றேன். இந்தப் பக்கம் அம்மாள், போகிறவர்கள் எல்லாம் பொண்ணு பொண்ணு என்கிறார்களே, எந்தப் பொண்ணு என்று எழுந்தாள். நான் இந்தப் பக்கம் ஓடி வந்தேன். என் செருப்பு எங்கே இருக்கிறது என்று கண் தேடியது. அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

மாசுயா ஒகினு அம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். திருவிழா சாயங்காலத்தில் முப்பது வருஷமாக யாரும் அவளைத் தெருவில் பார்த்ததில்லை. கூட்டம் தானாக விலகியது. ஊரில் ஒரே ஒரு ஆள் மட்டும் சாயங்காலம் முழுக்க நேர் எதிரில் அசையாமல் உட்கார்ந்து, ஆறு பலகையையும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது என் புத்திசாலித்தனத்துக்கு எட்டவே இல்லை.

"எதிர் வீட்டம்மா" என்றாள், மரியாதையாக, கையை நீட்டி. "என் முகம் உங்க வீட்ல என்ன பண்ணுது?"

அவள் காட்டிய பக்கம் எல்லோரும் நகர்ந்தார்கள். ஒதாகி அம்மாளும் தெற்கே வந்து பார்த்தாள். "யாருடா இது?" என்று மகனைக் கேட்டாள். "நீங்கதாம்மா" என்றான் அவன். "நானா?" என்றாள். இப்போது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவே பார்த்தது.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அன்றைக்கென்று பொய்யும் வரவில்லை. மூன்றாம் பக்கத்தைச் சொன்னேன். இரண்டு எஜமானர்களைச் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்று செய்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்ல கடிதம் படிக்கற பொண்ணு, எங்க அண்ணின்னு சொன்னியே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். மூன்றாம் பக்கம் என்றேன். செர்ரி மரத்தடிப் பெண்? மூன்றாம் பக்கம். சோஷிச்சி கொஞ்சம் தயங்கி, "போன வருஷம் என் சம்சாரத்தை வரைஞ்சியே, அது?" என்றான். நான் தரையைப் பார்த்தேன். அவனும் தரையைப் பார்த்தான். கூட்டத்தில் பாதிப் பேர் என்னை அடிக்க வேண்டும் என்றார்கள், மீதிப் பேருக்குச் சிரித்து முடியவில்லை.

"அப்ப என் படம்?" ஒகினு அம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் குடை?"

"அதுவும் மூணாம் பக்கம்தாம்மா" என்றேன். "குருநாதரே என்கிட்ட சொல்லியிருக்கார். அவர் உங்க முகத்தைப் பாக்கவே இல்ல. உங்கப்பா உங்களை மூங்கில் தட்டிக்குப் பின்னால உக்கார வெச்சிருந்தாராம். உங்க அங்கிக் கை மட்டும் வெளிய தெரிஞ்சுதாம். படத்துல அந்தக் கை மட்டும் உங்களோடது. அத அவர் பாத்துத்தான் வரைஞ்சார்."

அவள் திரும்பித் தன் வீட்டு வாசலில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் குடைக்காரியைப் பார்த்தாள். பிறகு இங்கே இருக்கும் பெண்ணைப் பார்த்தாள். அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படியே ஒருத்திதான்.

"முப்பது வருஷம்" என்றாள். "ஒரு புத்தகத்தைப் பாத்துத்தானா நான் ஒளிஞ்சுக்கிட்டேன்?"

அவள் என்னை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அறையவில்லை. அப்பா போய்விட்டார், புருஷன் போய்விட்டார், பதினெட்டு வயசில் தான் எப்படி இருந்தேன் என்று இனி யாரைக் கேட்பது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னைக் கேளு" என்றாள் ஒதாகி அம்மாள்.

நாற்பத்து மூன்று வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தவர்கள். எதிர் வீட்டம்மா, நீங்க, வாங்க என்பதற்கு மேல் ஒரு பேச்சு போனதில்லை.

"நான் கல்யாணமாகி வந்து இறங்கின அன்னிக்கு நீ வாசல்ல நின்ன. முன்பல்லு ரெண்டு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, அதனால வாய் முழுசா மூடாது. நெத்தி பெரிசு. சிரிச்சா இடது பக்கம் மட்டும் குழி விழும். எனக்கு வயிறு எரிஞ்சுது, தெரியுமா? இந்த ஊர்ல ஒரு பய நம்மளைத் திரும்பிப் பாக்க மாட்டான்னு அன்னிக்கு ராத்திரி அழுதேன். இந்தப் பொம்மையா நீ? உன் பக்கத்துல இது நிக்குமாடி?"

ஒகினு அம்மாள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"குழி இப்பவும் விழுதா?" என்றாள்.

"சிரி, பாத்துச் சொல்றேன்."

அவள் சிரிக்க முயன்றாள், முதலில் சரியாக வரவில்லை. பிறகு வந்தது. இடது கன்னத்தில், சுருக்கங்களுக்கு நடுவே, குழி விழுந்தது. மீன்காரி, "விழுது, விழுது" என்றாள். ஒதாகி அம்மாள் வடக்கு ஓரத்தில் தன் மெத்தையைப் பாதி நகர்த்திக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்தது. ஒகினு அம்மாள் கொஞ்ச நேரம் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அப்புறம் எடுத்துவிட்டாள்.

நான் நைசாக நழுவப் பார்த்தேன். செருப்பில் ஒரு கால் நுழைந்தும் விட்டது.

"ரிஹே" என்றாள் ஒகினு அம்மாள். "நாளைக்கு ஊர்வலம் முடிஞ்சதும் என் வீட்டுக்கு வா. புத்தகத்தைக் கொண்டு வராத. எத்தனை நாள் வேணுமோ உக்காந்து பாரு. பாத்துட்டு அந்தக் குடைக்குக் கீழ என் முகத்தைப் போடு, இப்ப இருக்கிற முகம். அங்கிக் கையைத் தொடாத. அது ஏற்கெனவே என்னோடது."